பதினேழு

முனீஸ்வரன் கோயில் தெருவில்
மத்தியானம் இரண்டரைக்கு வேன் நின்றது.
ஐந்து பேர் இறங்கினார்கள், ஆறாவதாக அவள்.
எங்கள் நிலைக்கதவுக்கும் குனிய வேண்டிய உயரம்.

நான் பில் போடுகிறவள்.
பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ஒற்றைக் கதவு,
யாரோ ஒருவருடைய மாமனாரின் படம்,
எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து.

எனாமல் தட்டு ஒன்றைத் திருப்பி
அடிமுத்திரையை வாசித்துச் சிரித்தாள்.
ஹாலந்துச் சரக்கு.
எந்தக் கப்பலில் வந்ததோ,
இன்றைக்கு மூவாயிரத்து இருநூறு,
சாகுல் அண்ணன் குறைக்க மாட்டார்.

திருப்பிய கை இடது கை.
கட்டைவிரல் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது.

எனக்குத் தெரியும் அந்த விரலை.
ஒரு டிசம்பர் அரையிறுதி, நாற்பத்தோராவது நிமிஷம்,
தடுத்தவளின் முழங்கையில் மோதி விலகியது.
டேப்பைச் சுற்றிக்கொண்டு திரும்ப வந்து
மூலையிலிருந்து எம்பி,
கோடு தாண்டி அந்தரத்தில் நின்று,
கோல்கீப்பர் விழுந்து முடிக்கிறவரை காத்திருந்து
பிறகு போட்டாள்.
போர்வைக்குள் போனை அமுக்கிப் பிடித்து
நான் கத்தாமல் கத்தினேன்.

ஃபென்னா ஓஸ்டர். ரைட் விங். பதினேழாம் எண்.
அவள் ஊரில் தயிர் டப்பாவில் அவள் முகம்.
முட்டி ஆபரேஷனை
வானிலைக்கு முன்னால் வாசித்தார்கள்.
சிறு பெண்கள் கன்னத்தில் பதினேழு எழுதிக்கொண்டு
பனியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள்.
போன வருஷம் ஓய்வு என்று அறிவித்தபோது
பன்னிரண்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.
நானும் நின்றேன்,
கட்டிலில், தலை ஃபேனுக்கு இடிக்காமல்.

என் பீச்சாங்கைக்கு வீட்டில் வேறு மரியாதை.
பந்தியில் அப்பளம் வைக்கப் போனால்
பிடுங்கிக்கொள்வார்கள்.
காசை நீட்டினால் பூக்காரி வாங்க மாட்டாள்.
அந்தக் கையைப் பார்த்துத்தான்
கேப்டன் நாகம்மை கேட்டாள்:
"ஏடி, நொட்டாங்கையா நீ? வலது மூலைக்கு
ஆளில்லாம அலையுறேன், வா."
ரெசின் வாங்கக் காசில்லை.
பலாப்பாலை விரலில் தடவிக்கொண்டு ஆடினோம்.
சோறு தின்னும்போதும் பந்து ஒட்டியிருக்கிற மாதிரி.

எங்கள் ஆட்டத்துக்குத் தமிழில் பெயர் தகராறு.
கைப்பந்து என்றால் வாலிபால் என்கிறார்கள்,
எறிபந்து என்றால் த்ரோபால்.
மாவட்டத்தில் ஜெயித்தபோது
ஏழாம் பக்கத்தில் என் படம் வந்தது.
பக்கத்து வீட்டு மாமா வாழ்த்திவிட்டு
"நெட்டு எவ்வளவு உசரம்மா?" என்றார்.
என் புகழ் அவ்வளவுதான்,
வடை மடித்த தாளிலும் ஒரு தடவை பார்த்தேன்.

கடை வாசலில் இரண்டு கல்லூரிப் பையன்கள்
செல்ஃபி கேட்டார்கள்.
அவள் முகம் தானாக
பழகிய கோணத்துக்குத் திரும்பியது.
க்ளிக். க்ளிக்.
"விச் கன்ட்ரி, மேடம்?"
அவள் பதில் சொன்னாள்.
தோள் தொய்ந்ததா, லேசானதா,
எனக்குப் பிடிபடவில்லை.

"யாரு அது, அப்படிப் பாக்குறே?" சாகுல் அண்ணன்.
"ஹேண்ட்பால், அண்ணே. பெரிய ஆள்."
"வாலிபாலா?"
"இல்லண்ணே."
"அப்ப நூறு ரூவா குறைச்சுக்க."

சொல்ல வேண்டிய இங்கிலீஷ் எல்லாம்
தொண்டையில் ஒட்டிக்கொண்டது, பலாப்பால்.
எனாமல் தட்டு, ஒன்று.
மூவாயிரத்து நூறு.
வாங்குபவர் பெயர் என்ற இடத்தில்
கேட்காமலே எழுதினேன்: 17.

பில்லைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு பேனா பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

இடது கையால் பணத்தை நீட்டினாள்.
இடது கையால் வாங்கினேன்.
சாகுல் அண்ணன் இருமினார்.

தட்டை அவளே தினத்தாளில் சுற்றினாள்,
விளையாட்டுப் பக்கம், முழுக்கக் கிரிக்கெட்.
வேன் ஹாரன் அடித்தது.
படியிறங்கியவள் நின்று திரும்பி
ஒன்றுமில்லாத கையை ஓங்கி
எறிவதுபோல் காட்டினாள்.

நான் வலப்பக்கம் சாய்ந்துவிட்டேன்.
அது இடப்பக்கம் போனது.